ஆர்.சி.யில் இருந்த பெயர்

என் மாவு மில்லை இடித்தவரிடம் வாங்கியதைவிட, இடிக்காத ஒருவரிடம்தான் நான் அதிகப் பணம் வாங்கினேன். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். விபத்து நடந்த நேரத்தில் அவர் நாமக்கல்லில் தன் வீட்டில் இருந்தார். மில்லில் மோதிய காரை அவர் விற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. அதன் பிறகு அது எங்கே போனது, யார் ஓட்டினார்கள், எதுவும் அவருக்குத் தெரியாது. ஆனாலும் சட்டம் அவரைத்தான் உரிமையாளர் என்றது. நானும் அந்தச் சட்டத்தையே பிடித்துக்கொண்டேன். செய்தது சரி என்று இன்றும் நம்புகிறேன். அப்படி நம்புவதால் மனம் ஆறிவிடவில்லை.

சேலம் மாவட்டத்தில் ஆத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். மில் என் மாமனார் வைத்தது. அவருக்குப் பிறகு நான் நடத்துகிறேன். மற்ற மாதங்களில் ராகி, கம்பு, கோதுமை என்று ஏதோ ஓடும். பங்குனி பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு மிளகாயும் மல்லியும் மொட்டை மாடியில் காயும். வருடத்துக்கு வேண்டிய குழம்புப் பொடியை அப்போதுதான் எல்லோரும் அரைத்து வைத்துக்கொள்வார்கள். சித்திரை முடியும்வரை மெஷினுக்கு ஓய்வே இருக்காது. எங்கள் வீட்டின் வருட வரவு செலவு அந்த இரண்டு மாதத்தை நம்பித்தான் இருக்கிறது.

அப்படி ஒரு பங்குனி விடியலில் கார் வந்து மில்லில் மோதியது. சந்திலிருந்து குறுக்கே வந்த பைக்குக்கு ஒதுங்கப் பார்த்து, வேகம் அடங்காமல் ரோட்டை விட்டு இறங்கியிருக்கிறது. மூலைத் தூண் பெயர்ந்தது. ஷட்டர் உள்பக்கமாக மடங்கி, மிளகாய் அரைக்கிற மெஷினின் ஹாப்பரை நசுக்கியது. மீட்டர் பெட்டி சுவரோடு சேர்ந்து கீழே வந்தது. லிண்டலில் கையை விட்டுப் பார்க்கும் அளவுக்கு விரிசல். ஓட்டி வந்த பையனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எங்கள் பக்கத்திலும் அந்த நேரத்துக்கு ஆள் யாரும் வந்திருக்கவில்லை.

“உயிருக்கு ஒண்ணும் ஆகலையே, அதுவே பெருசு” என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். நானும் கடவுளுக்கு நன்றி சொன்னேன். ஆனால் அந்த வார்த்தையோடு பேச்சு முடிந்துபோவதை அன்று காலையிலேயே கவனித்தேன். அதற்கு மேல் இடிந்த சுவரைப் பற்றிப் பேசினால் பேராசைக்காரி என்று ஆகிவிடும் போலிருந்தது. ஒரு குடும்பம் சாப்பிடுவது அந்தச் சுவருக்குள்ளிருந்துதான் என்பதை எப்படி எடுத்துச் சொல்வது?

பையன் ஓடவில்லை. அதை அவன் பக்கத்தில் எழுத வேண்டும். லேத் பட்டறையில் வேலை செய்கிறவன். கை நடுங்க, “அக்கா, இருபதாயிரம் தர்றனுங்க, கேஸ் மட்டும் வேண்டாங்க” என்றான். நான் இன்ஷூரன்ஸ் பேப்பரைக் கேட்டேன். டேஷ்போர்டுக்குள் தேடி ஒன்றை எடுத்துக் கொடுத்தான். தேதி முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆர்.சி.யில் இருந்த பெயர் அவனுடையது இல்லை. “கன்சல்டிங்ல வாங்குனனுங்க. பேரு மாத்தித் தர்றேன்னாங்க” என்றான். பழைய வண்டி வாங்கி விற்கும் கடையைத்தான் எங்கள் பக்கம் கன்சல்டிங் என்பார்கள்.

நான் அந்த இருபதாயிரத்தை வாங்கவில்லை. வண்டி எண் தெரிய, சக்கரத் தடம் தெரிய, தூணும் ஷட்டரும் மெஷினும் தெரிய என் மகன் போட்டோ எடுத்தான். பக்கத்து டீக்கடைக்காரரின் கேமராவில் பதிந்ததை அன்றே பென் டிரைவில் வாங்கி வைத்தோம். எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் உரிமையாளர் பெயரில் சில எழுத்துகள்தான் தெரியும். ஆனால் இன்ஷூரன்ஸ் எந்தத் தேதியோடு முடிந்தது என்று காட்டிவிடும். அதையும் படம் பிடித்துக்கொண்டோம்.

காவல் நிலையத்தில் மரியாதையாகத்தான் பேசினார்கள். யாருக்கும் அடிபடாத விபத்தை உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்வதுதான் வழக்கம் என்றார்கள். நான் எழுதிக் கொடுத்த புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது வேண்டும் என்றேன், பிறகு எஃப்.ஐ.ஆர். போடுங்கள் என்று நின்றேன். எனக்கு இந்த விவரம் எல்லாம் முன்பே தெரியும் என்று நினைக்க வேண்டாம். எங்களிடம் வருடா வருடம் மிளகாய் அரைக்கிற ஒரு வக்கீலம்மா இருக்கிறார். போனில் அவர் சொன்ன முதல் வார்த்தையே, “எஃப்.ஐ.ஆர். இல்லைன்னா வண்டி இன்னைக்கே போயிரும்மா. வண்டி போச்சுன்னா அப்புறம் உங்க கையில ஒண்ணுமே இருக்காது” என்பதுதான்.

அவர் சொன்னதன் பொருள் பிறகுதான் புரிந்தது. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டி விபத்தில் சிக்கி, உயிருக்கோ உடம்புக்கோ பொருளுக்கோ சேதம் செய்திருந்தால், இழப்பீட்டுக்குப் போதுமான ஜாமீன் கட்டாமல் நீதிமன்றம் அதை விடுவிக்கக் கூடாது என்று டெல்லியில் 2008-லேயே விதி இருந்தது. மூன்று மாதத்துக்குள் கட்டாவிட்டால் வண்டியை ஏலம் போட்டு, அந்தப் பணத்தைத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும். எல்லா மாநிலங்களும் இதுபோல் விதி கொண்டுவர வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காயம் இல்லாவிட்டாலும் பொருள் சேதத்துக்கே இது பொருந்தும். வண்டியைக் காவல் நிலைய வளாகத்தில் பார்த்துவிட்டு வந்தபோது எனக்கு முதல் முறையாகக் கொஞ்சம் தைரியம் வந்தது. அது 2011-ல் பதிவான கார். ஏலம் போட்டால் என் தூணுக்கு ஆகிற செலவுகூடத் தேறாது என்பது வேறு.

இன்ஷூரன்ஸ் இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. தனியார் காருக்கான சாதாரண தேர்டு பார்ட்டி பாலிசியே அடுத்தவர் பொருளுக்கு ஏற்படும் சேதத்தை ஏழரை லட்சம் ரூபாய் வரை ஏற்கும். அந்தக் கார் 1,000 சி.சி.க்கு மேல், 1,500 சி.சி.க்குள். அந்த வகைக்கு 2022-ல் அரசு நிர்ணயித்த வருடப் பிரீமியம் 3,416 ரூபாய், வரி தனி. வண்டி கைமாறினாலும் அடுத்தவருக்கான அந்தப் பாதுகாப்பு வண்டியோடு சேர்ந்தே போகும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-வது பிரிவு சொல்கிறது. அதனால் பாலிசி மட்டும் உயிரோடு இருந்திருந்தால், ஆர்.சி.யில் யார் பெயர் இருந்தாலும் என் சுவருக்குக் கம்பெனி பதில் சொல்லியிருக்கும். தலைமையாசிரியரும் பையனும் தப்பித்திருப்பார்கள்.

புது வண்டிகளில் இந்த ஓட்டையைக் கொஞ்சம் அடைத்திருக்கிறார்கள். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 2018 செப்டம்பர் முதல், புதுக் காருக்கு மூன்று வருடமும் புது இருசக்கர வாகனத்துக்கு ஐந்து வருடமும் தேர்டு பார்ட்டி பாலிசியை வாங்கும்போதே எடுக்க வேண்டும் என்றானது. அறுவை மேஜையில் எலும்புகளைச் சேர்த்துக்கொண்டிருந்த ஒருவர் இதற்காக நீதிமன்றம் ஏறினார் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வருகிறது. ஆனால் மூன்று வருடம் கழிந்த பிறகு? இரண்டு மூன்று கை மாறிய பழைய வண்டிக்கு? அங்கே பாலிசியைப் புதுப்பிப்பது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது. பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பிரீமியத்தைவிட அபராதம் குறைவு என்று கணக்குப் போடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

வக்கீலம்மா வழியைச் சொன்னார். உடம்புக்கு அடிபட்டால்தான் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று நான் நினைத்திருந்தேன். சட்டத்தின் 165-வது பிரிவில் பொருள் சேதத்துக்கும் இடம் இருக்கிறது. சேதம் 2,000 ரூபாயைத் தாண்டினால் விருப்பப்பட்டவர் சிவில் நீதிமன்றத்துக்கும் போகலாம். தீர்ப்பாயம் என்றால் ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். 2019-ல் திருத்தி, 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கெடு அது. “காயம்னா ஆஸ்பத்திரி கணக்கு வெச்சிருக்கும். சுவருக்கு நீங்கதான் கணக்கு வெச்சுக்கணும்” என்றார். கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, சிமெண்ட், கம்பி, ஷட்டர், மீட்டர் மாற்றக் கட்டிய பணம் எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கினேன். இடிந்ததை அப்புறப்படுத்தும் முன்பே ஒரு இன்ஜினியரை வைத்து மதிப்பீடு வாங்கச் சொன்னதும் அவர்தான். மொத்தம் 2,12,000 ரூபாய் வந்தது. சீசன் போன நஷ்டத்துக்கு, முந்தைய வருடங்களின் பங்குனி, சித்திரை நோட்டுகளைக் கொடுத்தேன்.

அடுத்து அவர் கேட்டார்: “யார் யார் மேல போடறது?”

பையன் மேல் என்றேன். அவன்தானே ஓட்டினான், அவன்தானே வாங்கினான்.

“அவன்கிட்ட என்னம்மா இருக்கு?” என்றார்.

பாதிக்கப்பட்டவர் கேட்டால் வண்டியின் விவரங்களைப் பதிவு அலுவலகமும் காவல் நிலையமும் கொடுத்தாக வேண்டும் என்பது 160-வது பிரிவு. அப்படித்தான் தலைமையாசிரியரின் முழுப்பெயரும் முகவரியும் வந்தன. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பை வக்கீலம்மா எடுத்துக் காட்டினார். ஒரு கார் 2007-லிருந்து பல கை மாறுகிறது. 2009-ல் விபத்து நடக்கிறது. ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பெயரே நிற்கிறது. கடைசியாக வைத்திருந்தவர்தான் பொறுப்பு என்றது உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அடிபட்டவரை, வண்டி யார் யார் கைக்குப் போனது என்று தேடி அலையவிடக் கூடாது என்றது. படித்தபோது எனக்காகவே எழுதினது மாதிரி இருந்தது. பையன், தலைமையாசிரியர் இருவர் பெயரிலும் நோட்டீஸ் போனது.

நோட்டீஸ் கிடைத்ததும் அவர் பஸ் பிடித்து வந்துவிட்டார். மில் அப்போது பாதி கட்டி நின்றது. வேட்டி சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உட்காரச் சொன்னதும் கவரிலிருந்து ஒரு டெலிவரி நோட்டை எடுத்து நீட்டினார்.

“நான் வித்து மூணு வருஷம் ஆச்சுங்கம்மா. பாருங்க, தேதி, கையெழுத்து எல்லாம் இருக்கு. ஃபாரம் 29, 30 ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பேரு மாத்தறதுக்குன்னு விலையில மூவாயிரம் பிடிச்சுக்கிட்டாங்க.”

எல்லாம் உண்மை. நோட்டில் அந்த மூவாயிரமும் எழுதியிருந்தது. விற்ற விலை 1,65,000. முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன மனிதர், கடையில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். வண்டி விற்கும் நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வது இதுதான். விற்றவர் பதினான்கு நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 50-வது பிரிவில் இருக்கிறது. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. 2023 ஏப்ரலுக்குப் பிறகு விதி மாறியிருக்கிறது. பழைய வண்டி வாங்கி விற்கும் கடைகள் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரம் பெற வேண்டும். அந்தக் கடையிடம் வண்டியை ஒப்படைத்ததை ஃபாரம் 29 சி-யில் இணையத்தில் பதிந்துவிட்டால், அதிலிருந்து கடைக்காரரே உரிமையாளராகக் கருதப்படுவார். அவர் விற்றது அதற்கு முன்பு.

“உங்க மேல தப்பு இல்லைன்னு எனக்குத் தெரியுதுங்க சார்” என்றேன். சொல்லும்போதே, அதற்காக இவரை விடப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரிந்தது.

அவர் கொஞ்ச நேரம் கொத்தனார் வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு கேட்டார்: “வீட்டை ஜப்தி பண்ணுவாங்களாம்மா?”

இந்த இடத்தைத்தான் என்னால் கடந்து போக முடியவில்லை. அப்படியெல்லாம் உடனே நடக்காது என்று எனக்குத் தெரியும். முதலில் விசாரணை, அப்புறம் தீர்ப்பு, பணம் கட்ட அவகாசம், அதற்கு மேல் நிறைவேற்று மனு என்று வக்கீலம்மா எனக்கு விளக்கியிருந்தார். சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. “அதெல்லாம் கோர்ட்டுதான் சார் முடிவு பண்ணணும்” என்றேன். அவர் பயந்தால் சீக்கிரம் பேச வருவார் என்று உள்ளே ஒரு கணக்கு ஓடியது. ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

அன்று இரவு என் கணவர், “அந்த வாத்தியாரை விட்டுடலாம். பையன்கிட்ட மாசாமாசம் வாங்கிக்கலாம்” என்றார். நானும் அதை யோசிக்காமல் இல்லை. யோசிக்க யோசிக்க ஒன்று தெளிவானது. அந்தக் காரால் வந்த நஷ்டம் காற்றில் கரையாது. யாராவது ஒருவர் தாங்கித்தான் ஆக வேண்டும். பையனால் முடியாது. தலைமையாசிரியரை விட்டால் மிஞ்சுவது நான். அவர் அந்த வண்டியை வாங்கினார், ஓட்டினார், விற்றுப் பணம் பெற்றார். பெயரை மட்டும் அதன்மேல் விட்டுவிட்டு வந்தார். எனக்கும் அந்த வண்டிக்கும் எந்தக் காலத்திலும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவருக்காவது அந்தப் பெயரை எடுக்கத் தன் கையில் ஒரு வழி இருந்தது. ரோட்டோரத்தில் கடை வைத்திருக்கும் எனக்கு, போகிற வண்டிகளில் எதற்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று நின்று பார்க்க என்ன வழி? சட்டம் பதிவுப் பெயரைப் பிடிப்பது இரக்கமில்லாமல் அல்ல. இந்தச் சங்கிலியில் எதுவும் தெரியாதவர், எதையும் தடுக்க முடியாதவர் பாதிக்கப்பட்டவர் ஒருவர்தான். பாரம் அவர்மேல் வந்து விழக் கூடாது என்று யாரோ நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

இதில் உயிரையும் பொருளையும் நாம் வைத்திருக்கும் தட்டுகள் எவ்வளவு வேறு என்பதும் அந்த நாட்களில்தான் உறைத்தது. வண்டி இடித்துவிட்டு ஓடிவிட்டால், இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சமும் படுகாயப்பட்டவருக்கு 50,000 ரூபாயும் அரசு திட்டத்தில் கிடைக்கும். அந்தத் தொகையே போதாது என்பது என் எண்ணம். இடிந்த கடைக்கோ நசுங்கிய தள்ளுவண்டிக்கோ அதில் ஒரு ரூபாயும் இல்லை. உயிர் பெரிது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் இட்லிக் கடைக்காரம்மாவின் தள்ளுவண்டி போனால் அவர் மறுநாள் எதை வைத்துச் சாப்பிடுவார்? நான் வக்கீல் வைக்க முடிந்தவள். முடியாதவர்கள் அந்த இருபதாயிரத்தைத்தான் வாங்கியிருப்பார்கள். அதைக்கூடக் கேட்கத் தெரியாதவர்களும் இருக்கிறார்கள்.

வழக்கு மக்கள் நீதிமன்றத்தில் சமரசமானது. அங்கே ஒப்புக்கொண்டால் அதன்மேல் அப்பீல் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். நான் சீசன் நஷ்டத்தை விட்டுக்கொடுத்தேன். மற்றதிலும் கொஞ்சம் இறங்கினேன். 1,90,000-க்கு முடிந்தது. பையன் தவணையில் 60,000. தலைமையாசிரியர் ஒரே தடவையாக 1,30,000. காரை விற்று அவர் வாங்கியதில் முக்கால் பங்குக்கு மேல் என் தூணுக்கும் ஷட்டருக்கும் வந்துவிட்டது. கையெழுத்துப் போடும் முன் அவர் தாளை முழுக்கப் படித்தார். ஒவ்வொரு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் படித்தார். எல்லோரும் காத்திருந்தோம்.

வெளியே வந்ததும் நான் அவரிடம் போனேன். அன்று ஜப்தி பற்றிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியும், தெரிந்தும் சொல்லவில்லை என்று சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, “நீங்க உங்க கடையைப் பார்த்தீங்கம்மா” என்றார். கோபமாகச் சொன்னாரா, ஆறுதலாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அதன் பிறகு மில் கட்டடத்துக்கும் மெஷினுக்கும் சேர்த்து பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசி எடுத்திருக்கிறேன். சிறு தொழில்களுக்காக 2021 ஏப்ரலில் வந்தது. தீ, வெள்ளத்தோடு வண்டி வந்து மோதுவதும் அதில் அடங்கும். சேதத்தைக் கம்பெனி கொடுத்துவிட்டு, இடித்தவரிடம் வசூலிக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். இனி ஒருவர் பயத்தை வைத்து நான் கணக்குப் போட வேண்டியிருக்காது.

பையன் தவணையைத் தவறாமல் கட்டினான். சில மாதம் அவன் அம்மா கொண்டுவந்து கொடுத்தார். வரும்போது அரைக்கக் கம்பும் கொண்டு வருவார். அந்த அரவைக்கு நான் கூலி வாங்கவில்லை.

தலைமையாசிரியர் இப்போது அந்தக் கன்சல்டிங்காரர் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறார். பெயர் மாற்றப் பணம் வாங்கிக்கொண்டு மாற்றாமல் விட்டதால்தான் இந்த 1,30,000 நஷ்டம் என்பது அவர் கேஸ். என்னிடம் இருந்த எஃப்.ஐ.ஆர்., போட்டோக்கள், ரசீதுகள், சமரச உத்தரவு எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து நானே நாமக்கல் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். கன்சல்டிங்கில் பெயர் மாற்றித் தருவதாகச் சொன்னார்கள் என்று அந்தப் பையன் விபத்தன்று என்னிடம் சொன்னதைப் பிரமாணப் பத்திரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அடுத்த வாய்தாவுக்குப் பையனும் சாட்சி சொல்ல வருகிறான். மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் போவதாக இருக்கிறோம்.